டைவ் கம்ப்யூட்டருக்குப் பேட்டரி மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து புதுச்சேரிக்கும் அந்தமானுக்கும் ஸ்கூபா டைவிங் போகிறவர்களில் சொந்தமாக டைவ் கம்ப்யூட்டர் (நீருக்கடியில் ஆழத்தையும் நேரத்தையும் அளந்து, உடலில் சேரும் நைட்ரஜனைக் கணக்கிட்டு, பாதுகாப்பாக மேலே வர வழிகாட்டும் கருவி) வைத்திருப்பவர்கள், அதை ஊரிலுள்ள கைக்கடிகாரக் கடையில் பேட்டரி மாற்றக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. இந்தக் கைவேலையை இன்னொரு கடையிலும் செய்யலாம் என்பதால், பெயரைவிட அது எப்படி நடந்தது என்பதே பயன்படும்.

என்னுடைய கருவிக்கு வேண்டியது சிஆர்2450 என்னும் பட்டன் செல். அந்த எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் செல்லின் தடிமனைக் குறிக்கும்: 50 என்றால் 5 மில்லிமீட்டர், 30 என்றால் 3 மில்லிமீட்டர். சிஆர்2450, சிஆர்2430 இரண்டுக்கும் விட்டம் ஒன்றுதான். இரண்டுமே 3 வோல்ட். டைவ் கம்ப்யூட்டர் மாடல்களில் மாரெஸ் பக் ப்ரோ கேட்பது முதலாவதை, கிரெஸ்ஸி லியோனார்டோ கேட்பது இரண்டாவதை. மேலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது; ஆனால் கொள்ளளவில் மெல்லியது தடித்ததில் ஏறத்தாழ பாதிதான். ஏமாற்றுவதற்கு வசதியான இடம் இதுவே.

நாணயத்தை வைத்துத் திருகினால் கழன்றுவிடும் மூடிதான் என்றாலும், உப்புப் படிந்து இறுகிப்போயிருந்ததால் பழைய பேருந்து நிலையப் பக்கம் உள்ள ஒரு கடைக்கு எடுத்துச் சென்றேன். செல்லின் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததோடு, சென்னையிலிருந்து வாங்கி வைத்திருந்த புதிய ஓ-ரிங்கையும் (மூடி வழியாக நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) அதற்குத் தடவும் சிலிக்கோன் கிரீஸையும் சேர்த்தே கொடுத்து, இந்த ரிங்கைத்தான் போட வேண்டும் என்று சொன்னேன். கண்ணெதிரே மாற்றச் சொன்னபோது, "உள்ளே மெஷின்ல வச்சுத்தான் சார் திறக்கணும்" என்று சொல்லி, கருவியை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விட்டார்கள். திரும்பி வரும்போது டிஸ்ப்ளே பளிச்சென்று எரிந்தது. மூடியை இனித் திறந்தால் நீர் புகுந்துவிடும் என்று எச்சரிக்கையும் செய்தார்கள். சிஆர்2450-க்குரிய விலையும் கூலியும் வாங்கிக்கொண்டு கொடுத்த பில்லில் "செல் – 1" என்று மட்டும் இருந்தது.

புதுச்சேரிக் கடலில் ஏறத்தாழ 16 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வரத் தொடங்கியபோது, கருவி ஒருமுறை ஒலியெழுப்பியது. அடுத்த நொடி திரை அணைந்து, மறுபடி எரிந்து, அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்ததைப் போல முதல் பக்கத்தைக் காட்டியது. எத்தனை நிமிடம் எவ்வளவு ஆழத்தில் இருந்தோம், உடலில் எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்திருக்கிறது என்ற கணக்கு முழுவதும் அதோடு போயிற்று. உடன் வந்த பயிற்றுநரிடம் சைகை காட்டினேன். அவருடைய கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஏறி, சேர்ந்த நைட்ரஜன் வெளியேறுவதற்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வெளியே வந்தோம். அன்றைய இரண்டாவது டைவுக்கு அவர் என்னை அனுமதிக்கவில்லை. அது சரியான முடிவு.

கரைக்கு வந்து கருவியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்தது சிஆர்2430. மீதி இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியை அடைக்க, சிகரெட் பெட்டிக்குள் வரும் ஈயத்தாளை வெள்ளிப் பக்கம் வெளியே வரும்படி பல மடிப்பாக மடித்துத் திணித்திருந்தார்கள். அந்தத் தாளின் மறுபக்கம் வெறும் காகிதம். ஆகையால் மின்சாரம் நேராக ஊடுருவ வழியில்லாமல், மடிப்பின் விளிம்பைச் சுற்றி மட்டுமே ஓடியிருக்கிறது. திரை எரிவதற்கு அது போதும். ஒலியெழுப்பும்போதும் பின்விளக்கு எரியும்போதும் மின்னோட்டம் பல மடங்கு கூடுவதால், அங்கே மின்னழுத்தம் சரிந்து கருவி அணைந்து எழுந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ஓ-ரிங்கும் பழையதேதான், அதன் மேல் ஒட்டியிருந்த ஒரு முடி வழியாகச் சிறிது ஈரம் புகுந்து, ஈயத்தாளின் ஒரு மூலை நனைந்திருந்தது. கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அதைத் தடுத்து நிற்பது அந்த ஒற்றை ரப்பர் வளையம். நான் கொடுத்த புதிய வளையம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஊர் திரும்பியதும் கடையில் போய்க் கேட்டதற்கு, "ரெண்டும் மூணு வோல்ட்டுதான் சார், என்ன குறைஞ்சுபோச்சு?" என்று சொல்லி மல்டிமீட்டரை எடுத்து வைத்துக் காட்டினார்கள். முள் மூன்றைத் தொட்டது உண்மைதான். ஆனால் இந்த லித்தியம் செல்கள் பெருமளவு தீர்ந்த பிறகும், சுமையில்லாமல் அளந்தால் மூன்று வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே காட்டும். எனவே கடையில் மீட்டர் வைத்துக் காட்டுவதை யாரும் சான்றாக ஏற்க வேண்டாம். "வேணும்னா சார்ஜ் பண்ற செல் போட்டுத் தரேன், ஆயுசுக்கும் வரும்" என்று அடுத்து நீட்டியது எல்ஐஆர்2450. அது முழுவதும் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட் வரை போகும், கொள்ளளவோ மிகக் குறைவு. மூன்று வோல்ட்டுக்குச் செய்த கருவியில் அதைப் போடக் கூடாது.

எண் சரியாக இருந்தாலும், கத்திரி வெயில் நேராக அடிக்கும்படி கடை முகப்பில் தொங்கவிட்டிருக்கும் அட்டைகளிலிருந்து செல் வாங்காதீர்கள். நம் ஊர் வெப்பத்தில் அவை கிடந்தபடியே தீரும். பின்பக்கத்தில் தேதி அச்சிட்ட, பிரிக்காத அட்டையாகப் பார்த்து நீங்களே வாங்கிக்கொண்டு போய், மூடியை உங்கள் எதிரில் திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் கருவியை வாங்கிக்கொண்டு வெளியேறிவிடுங்கள். பயணத்துக்குச் சில நாள் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. இரண்டு டைவுகளுக்கு நடுவில் படகில் செல்லை மாற்றுவது அறவே கூடாது. பல மாடல்களில் செல்லைக் கழற்றியதும் நைட்ரஜன் கணக்கு அழிந்துபோகும்.

பில்லில் செல்லின் எண்ணையும் எழுதி வாங்குங்கள். என்னிடம் அது இல்லாததால்தான், செல்லின் விலையை மட்டும் மேசையில் வைத்துவிட்டு அவர்களால் பேச்சை முடித்துக்கொள்ள முடிந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் எழுதுவதாக இருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருள், சேவைக்கு அங்கே கட்டணம் கிடையாது. சமீபத்தில் கடையில் கொடுத்துச் செல் மாற்றியவர்கள் மூடியைத் திறந்து பாருங்கள். ஈயத்தாள் இருந்தால் எறிந்துவிடாமல், படம் எடுத்து, பில்லோடு எனக்குத் தெரிவித்தால் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதிவிடலாம்.