லில்லிபாண்ட்: அச்சு ஜோர், ஆனா ஃபான்ட் இல்லேன்னா வாயைத் தொறக்காது

கும்பகோணத்துல வீட்டு மாடியில வயலின் கிளாஸ் எடுக்குறேன். சின்ன பசங்களுக்கு நோட்டுஸ்வரத்துலேர்ந்துதான் ஆரம்பிப்பேன், நம்ம திருவாரூர் தீட்சிதர் இங்கிலீஷ் பேண்டு மெட்டுக்கு எழுதினது, எல்லாம் சங்கராபரணம், கமகம் கிடையாது, அதனால மேல வெஸ்டர்ன் ஸ்டாஃப் (நோட்டு எழுதுற அஞ்சு கோடு) போட்டு கீழ சாஹித்யத்தை தமிழ் எழுத்துல குடுத்தா டக்குனு புடிச்சுக்குதுங்க. இதை அச்சடிக்க முன்னாடி ஃபினாலேங்கற மியூசிக் நோட்டேஷன் சாஃப்ட்வேர்தான். 2024 ஆகஸ்ட்ல அதை இனிமே டெவலப் பண்ணப்போறது இல்லேன்னு அறிவிச்சுட்டாங்க, அப்பதான் லில்லிபாண்டுக்கு தாவினேன். அதுவும் நோட்டேஷன் அச்சடிக்கத்தான், 1996-ல ரெண்டு டச்சுக்காரங்க ஆரம்பிச்ச ஃப்ரீ சாஃப்ட்வேர். மவுஸால நோட்டை இழுத்து வைக்கிற கதையெல்லாம் இல்ல, எல்லாத்தையும் டெக்ஸ்ட்டா டைப் பண்ணணும், முதல் ஒரு வாரம் தலைவலிதான், ஆனா வர்ற பிரிண்ட் பழைய காலத்து செதுக்கு அச்சு மாதிரி அவ்ளோ அழகு.

இப்ப ஃபான்ட் விஷயத்துக்கு வரேன், இதுக்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

சாஹித்யம் எங்கிட்ட பழைய டிடிபி ஃபைலா இருந்துச்சு, பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சது. வீட்டு கம்ப்யூட்டர்ல பாமினி இருக்கு, பிரச்சனை இல்ல. நவராத்திரி ப்ரோக்ராமுக்கு முந்தின நாள் ராத்திரி ஃபார்மேட் பண்ணின லேப்டாப்ல அதே ஃபைலை ஓட்டினேன், எந்த எரரும் வரல, பிடிஎஃப் வந்துச்சு, முதல் பக்கத்துல தலைப்பை மட்டும் பாத்துட்டு (அது யூனிகோட்ல அடிச்சது, அதனால நல்லா இருந்துச்சு) 30 செட் ஜெராக்ஸ் போட்டுட்டேன். மறுநாள் பாத்தா ‘மாம்’னு இருக்கவேண்டிய இடத்துல கே, எச், கே, அரைப்புள்ளி! ஒரு பொடியன் சார் இது ஃப்ரெஞ்சான்னு கேக்குறான். பாமினியில இங்கிலீஷ் எழுத்து மேலதான் தமிழ் உருவம் உட்கார்ந்திருக்கும், ஃபான்ட் போனா உள்ள இருக்குறது அப்படியே வெளிய வந்துடும். தப்பு என்னோடதுதான், முழுசா பாத்திருக்கணும்.

கேட்ட ஃபான்ட் இல்லேன்னா லில்லிபாண்ட் நிக்காது, சத்தமில்லாம கிட்டத்தட்ட ஏதாவது ஒண்ணை எடுத்து போட்டுட்டு போய்டும், எனக்கு இதுதான் பெரிய குறை. யூனிகோட்ல அடிச்சாலும் தப்பிச்சோம்னு நினைக்காதீங்க, எழுத்து தமிழாவே வரும் ஆனா வேற ஃபான்டோட அகலம் வேற, சாஹித்யத்தோட அகலத்தை பாத்துதான் அது நோட்டுக்கு நடுவுல எடம் விடுது, ஒரு வரியில 4 ஆவர்த்தனம் நின்னது 3 ஆயிடும், பக்கமே மாறிடும்.

ஆனா இதுக்கு வழியும் அதுலயே இருக்கு. கமாண்ட் ப்ராம்ப்ட்ல லில்லிபாண்ட்னு அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு, ஹைஃபன், டி, அதோட ஒட்டி ‘ஷோ அவைலபிள் ஃபான்ட்ஸ்’ (நடுவுல ஸ்பேஸ் இல்ல, ஹைஃபன்) குடுத்தா அதுக்கு கண்ணுல படுற ஃபான்ட் எல்லாத்தையும் கொட்டும். கல்யாண மொய் லிஸ்ட் மாதிரி நீளமா போகும், காப்பி பண்ணி நோட்பேட்ல போட்டு தேடிக்கோங்க. அந்த லிஸ்ட்ல என்ன பேரு இருக்கோ அதையேதான் ஃபைல்ல எழுதணும், ஃபான்ட் ஃபைலோட பேரை எழுதினா சில சமயம் புடிக்காது, எனக்கு அரை நாள் அதுலயே போச்சு. நோட்டு, க்ளெஃப் வகையறாவுக்கு கவலை வேணாம், எம்மெண்டாலர்னு ஒரு ஃபான்ட் கூடவே வருது (சீஸ் பேராம்!), 8 சைஸுக்கு தனித்தனியா வரைஞ்சிருக்காங்க, சின்னதா போட்டாலும் மெலிஞ்சு போகாது.

பிரஸ்ஸுக்கு பிடிஎஃப் மட்டும் குடுங்க, அதுக்கு முன்னாடி ரீடர்ல ப்ராப்பர்ட்டீஸ் போயி ஃபான்ட்ஸ் டேப்ல நீங்க கேட்ட பேரு இருக்கான்னு பாத்துக்கோங்க, பக்கத்துல எம்பெடட்னு (ஃபான்ட் பிடிஎஃப்புக்குள்ளயே இருக்குன்னு அர்த்தம்) இருக்கணும்.

5-க்கு 4 குடுப்பேன். அந்த 30 செட்டும் பின்பக்கம் காலியா இருக்கு, பசங்க அலங்கார ஸ்வர வரிசை எழுதிப்பாக்க வச்சிருக்கேன்.