மோல்மேனுக்கு வந்த எறும்புப் பார்சல்: பணம் அனுப்புமுன் படியுங்கள்

வீட்டில் எறும்பு வளர்ப்பவர்களுக்கு ரங்கூனிலிருந்து ஆன்லைனில் எறும்புக் கூடு விற்கும் ஒருவரிடம் வாங்கிய ‘ஆரம்ப செட்’ பற்றிய எச்சரிக்கை இது. விளம்பரத்தில் சொன்னது: ஒரு காம்போனோட்டஸ் ராணி (நம் கட்டெறும்பு வகை), 20 வேலைக்கார எறும்புகள், அக்ரிலிக் கூடு, இரை போடும் தொட்டி. கூடவே ‘ஒரு எறும்புகூட வெளியே வராது’ என்ற உத்தரவாதம். பஸ் பார்சலில் வந்து சேர்ந்தது. எண்ணிக்கை சரி. சரக்குதான் தப்பு.

ராணி என்று வந்தது தலை பெருத்த ஒரு சிப்பாய் எறும்பு, அதாவது வேலைக்கார எறும்பில் பெரிய வகை. இந்த ஏமாற்று எறும்பு வியாபாரத்தில் பழசு. புதிதாக வாங்குகிறவர்கள் உருவம் பெரிதாக இருந்தாலே ராணி என்று நம்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது தலையை அல்ல, மார்பை. ராணி இறக்கையோடு பிறந்தவள். அந்த இறக்கையை அசைத்த தசைக்கு இடம் வேண்டுமே, அதனால் மார்பு உருண்டு திரண்டு, மேல்புறம் தட்டுத் தட்டாக இருக்கும். இறக்கை உதிர்ந்த தழும்பு இரண்டு பக்கமும் தெரியும். நெற்றியில் மூன்று புள்ளிக் கண்கள் இருக்கும். சிப்பாய்க்கு மார்பு ஒல்லி. பக்கவாட்டில் பார்த்தால் முதுகு ஒரே வளைவாக இறங்கும். ஆகவே மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று என இரண்டு படம் கேளுங்கள். ஒரே கோணத்தில் எடுத்த மங்கல் படத்தை மட்டும் அனுப்பினால் விட்டுவிடுங்கள்.

“முட்டை போட்டிருக்கிறதே, பிறகு எப்படி ராணி இல்லை?” என்று விற்றவர் கேட்டார். சாமர்த்தியமான கேள்விதான். ஆனால் ராணி இல்லாத வேலைக்கார எறும்புகளும் முட்டையிடும், ஆணோடு கூடாத ராணியும் இடும். கருவுறாத அந்த முட்டைகளிலிருந்து ஆண் எறும்புதான் வரும். ஆண் உழைக்காது, சில வாரத்தில் செத்துப்போகும், கூடு அத்தோடு முடிந்தது. அவள் முட்டையிலிருந்து வேலைக்கார எறும்பு பிறந்திருக்க வேண்டும், அதுதான் அத்தாட்சி. ராணி தனியாக வளர்த்த முதல் ஈடு எறும்புகள் மற்றவற்றைவிடப் பொடியாக இருக்கும். அப்படி நாலைந்து பொடிகளும் கூட்டுப்புழுக்களும் சேர்ந்திருக்கும் கூட்டுக்குத்தான் காசு கொடுக்கலாம்.

இதே ஆள் ‘டயகாமா ராணி’யும் விற்கிறார். டயகாமா என்ற எறும்புச் சாதியில் ராணி என்ற உருவமே கிடையாது. வேலைக்கார எறும்புகளில் ஒன்றுதான் ஆணோடு கூடி முட்டையிடுகிறது. ஆப்பிரிக்க விதை எறும்பு ராணியும் பட்டியலில் இருக்கிறது. அந்தச் சாதி ராணிகளைக் கடத்த முயன்ற வழக்கில் 2025 மே மாதம் நைரோபி நீதிமன்றம் நான்கு பேருக்குத் தலா 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் போட்டது. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கூட வந்த இருபதும் வேறு கூட்டிலிருந்து அள்ளிப் போட்டவை. அவை அடைபட்டு வந்த கண்ணாடிக் குழாயின் பஞ்சில் உதிர்ந்த கால்கள் ஒட்டியிருந்தன. வாசனை வேறுபட்டால் எறும்புகள் ஒன்றையொன்று கிழித்துவிடும். மிச்சம் இருந்தவையும் நனைந்து கிடந்தன. கண்ணாடிக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டுப் பஞ்சால் அடைப்பது வழக்கம். அடைக்கும்போது தண்ணீருக்குப் பின்னால் காற்றுக் குமிழி தங்கக் கூடாது. பஸ்ஸின் சாமான் அறையில் சூடேறினால் குமிழி விரியும், தண்ணீரைப் பஞ்சு வழியாகத் தள்ளும், கூடு மூழ்கும். அடிமுனைவரை தண்ணீர் நிறைந்திருக்கிறதா என்று குழாயைச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி அந்த உத்தரவாதம். தொட்டியின் உள்விளிம்பில் வெள்ளையாக ஏதோ பூசியிருந்தது. விசாரித்ததில் பேபி பவுடரை ஸ்பிரிட்டில் கரைத்துத் தடவியதாம். முறை சரி, பவுடர் தப்பு. இப்போது பல பேபி பவுடர்கள் சோள மாவில் செய்தவை. சோள மாவு எறும்பை வழுக்கி விழச் செய்யாது. லேபிளில் டால்க் என்று இருக்க வேண்டும். டால்க்கை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நீர்த்த பால் பதத்துக்குக் கலந்து, மேல்விளிம்புக்குக் கீழே மூன்று நான்கு சென்டிமீட்டர் பட்டையாகத் தூரிகையால் தடவி, நன்றாக உலரவிட்டால் கட்டெறும்பு ஏறாது. ஏறப் பார்க்கும்போது தூள் பாதத்தோடு பெயர்ந்து வரும், எறும்பும் கூடவே விழும்.

ஆனால் இது மோல்மேன். ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர். ஆடி ஆவணியில் கரண்டு போய் ஃபேன் நின்றால் தொட்டிச் சுவர் வியர்க்கும், டால்க் கட்டிகட்டியாக இறங்கும். விலை அதிகமான ஃபுளுவான் (டெஃப்லான் வகைத் திரவம்) பூச்சும் ஈரத்தில் பிடி தளரும், விரல் பட்டாலே அந்த இடம் எறும்புக்குப் பாதையாகிவிடும். வாஸ்லின் தடவினால் சித்திரை வெயிலில் இளகி வழியும், மேலே படியும் தூசு பாலம் கட்டும். எந்தப் பூச்சும் இரண்டாம் காவல்தான். முதல் காவல் மூடி.

அவர் அனுப்பிய மூடியின் காற்றுத் துளையில் ஜன்னல் கொசுவலையை ஒட்டியிருந்தார். அதன் கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல். தலை நுழைந்தால் எறும்பின் உடம்பும் நுழையும். கரேபாரா போன்ற சாதிகளில் பொடி எறும்பின் தலை அரை மில்லிமீட்டர் அளவுதான். 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர் கண்ணுள்ள எவர்சில்வர் வலை வேண்டும். நைலான் என்றால் கடித்துத் துளைத்துவிடும். மூடி ஓரத்தையும் குழாய் பொருத்திய இடங்களையும் சோதிக்க எளிய வழி உண்டு. சாதா ஜெராக்ஸ் தாள் ஒன்று சுமார் 0.1 மில்லிமீட்டர் கனம். அதை நான்காக மடித்துச் செருகிப் பாருங்கள். நுழைந்தால் பொடி எறும்பும் நுழையலாம். இந்தப் பார்சலின் மூடியில் எட்டு மடிப்பு நுழைந்தது.

கடைசிக் காவலுக்கு நம் வீட்டு அடுக்களை முறையே போதும். பலகார அலமாரியின் காலுக்கடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்போமே, அதேதான். கூட்டை ஒரு மேடையில் ஏற்றி, சுற்றிலும் நான்கு சென்டிமீட்டர் அகலத்துக்காவது தண்ணீர் நிற்கும் தட்டில் வையுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விடுங்கள். விடாவிட்டால் பொடி எறும்பு தண்ணீர்ப் படலத்தின் மேல் நடந்து போய்விடும். திரைச்சீலை, சார்ஜர் வயர், சுவர் எதுவும் தொடக் கூடாது. கொசு முட்டையிடும், ஆகவே மூன்று நாளைக்கொருமுறை தண்ணீர் மாற்றுங்கள். மாமரத்து முசுறு வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த அகழியும் உதவாது. ஒன்றையொன்று கவ்விச் சங்கிலி கோத்துக் கடந்துவிடும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பிரிக்கும்போது எடுத்த வீடியோ இல்லாமல் பேச முடியாது என்றார். ஆகவே பார்சல் கட்டு அவிழ்வதற்கு முன்பே செல்போனை ஓடவிடுங்கள். பகல் வெளிச்சத்தில், குழாயின் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, ராணியின் மார்பு பக்கவாட்டில் தெரியும்படி எடுங்கள். குழாயைத் திறக்காமலே எடுங்கள், திறந்துவிட்டால் நீங்கள்தான் மாற்றிவிட்டீர்கள் என்பார்.