ஆடிக் காற்றுக்கும் புளியரை ஏற்றத்துக்கும் ஒரே சைக்கிள்: ஜயன்ட் டிசிஆர் அட்வான்ஸ்டு

திருநெல்வேலிச் சீமையில் அமெச்சூர் பந்தயங்களுக்காகப் பயிற்சி செய்பவர், வள்ளியூர், காவல்கிணறு வழியாகத் தெற்கே நீளும் நான்குவழிச் சாலையின் எதிர்காற்றையும் பக்கக்காற்றையும் தாங்க வேண்டும். செங்கோட்டையிலிருந்து புளியரை எஸ் வளைவு கடந்து ஆரியங்காவு வரை ஏறவும் வேண்டும். காற்றைக் கிழிக்க ஒன்று, மலையேற ஒன்று என இரண்டு கார்பன் சைக்கிள் வாங்குவது பெரும்பாலோர்க்கு இயலாது. இரண்டுக்கும் பொதுவானவற்றுள் நான் முதலில் பரிந்துரைப்பது ஜயன்ட் நிறுவனத்தின் டிசிஆர் என்ற பந்தயச் சைக்கிள் வரிசையையே.

1990களின் பிற்பகுதியில் மைக் பரோஸ் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர், மேல்குழாயைப் பின்புறம் சரித்துச் சட்டகத்தைச் சிறிதாக்கிய வடிவம் இது. 2024இல் பத்தாம் தலைமுறை வெளியானது. அட்வான்ஸ்டு, அட்வான்ஸ்டு புரோ, அட்வான்ஸ்டு எஸ்எல் என மூன்று படிகள் உள்ளன. விலையுயர்ந்த எஸ்எல்லில் சீட் தண்டு சட்டகத்தோடு ஒன்றாகவே வருகிறது. ஓட்டுபவரின் கால் நீளத்துக்கு ஏற்ப அதை அறுக்க வேண்டும். அறுத்த பின் உயரமான ஒருவருக்கு விற்பது கடினம், பெட்டியில் அடைத்து வெளியூர்ப் பந்தயத்துக்கு ரயிலில் கொண்டுபோவதும் தொல்லை. பணம் இருந்தாலும் அதை நான் தவிர்ப்பேன்.

எடையைப் பற்றி நம்மவர் பேசும் அளவுக்கு அது முக்கியமானதன்று. பந்தயச் சைக்கிளுக்குப் பன்னாட்டு சைக்கிள் ஒன்றியம் வைத்திருக்கும் குறைந்தபட்ச எடை வரம்பே 6.8 கிலோ. ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ என்று கொண்டால், 600 கிராம் குறைப்பது நூற்றுக்கு 0.8 பங்குதான், ஒரு மணி நேர ஏற்றத்தில் ஏறத்தாழ அரை நிமிடம் மிஞ்சும். அந்த அரை நிமிடத்துக்காகக் கூடுதலாகக் கொட்டும் பணத்தை நல்ல டயருக்கும் சக்கரத்துக்கும் செலவிடலாம்.

சக்கரத்தில்தான் நம் ஊரின் குணம் தெரியும். ஆனி, ஆடியில் தெற்கு நோக்கிப் போகையில் காற்று வலப்புறமிருந்து வீசும். லாரி ஒன்று நம்மைக் கடக்கும் நொடியில் அது காற்றை மறைப்பதால், சாய்ந்து ஓட்டிக்கொண்டிருந்த நாம் லாரியின் பக்கம் இழுபடுகிறோம். லாரி விலகியதும் காற்று மீண்டும் அறைந்து சாலையோர மண்ணை நோக்கித் தள்ளுகிறது. முன்சக்கரத்தின் ரிம், அதாவது டயரைத் தாங்கும் வளையம், சக்கர மையத்தை நோக்கி 50 மில்லிமீட்டர் ஆழமாக இருந்தால் ஹேண்டிலே திரும்பிவிடும். ஆகவே முன்னால் 35 முதல் 40 மில்லிமீட்டருக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. பின்னால் ஆழமாக இருந்தாலும் பாதகமில்லை. புதிய டிசிஆரில் 33 மில்லிமீட்டர் அகலம் வரை டயர் போட இடமிருக்கிறது. ஊர்களுக்கு முன் வரிசையாகப் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டு மேடுகளில் 28 மில்லிமீட்டர் டயரை அளவான காற்றோடு ஓட்டிப் பார்த்தால், 25இல் கை மரத்துப்போனதன் காரணம் விளங்கும்.

இதன் குறை, பெடல் கைகளை இணைக்கும் அச்சு சுழலும் இடமான பாட்டம் பிராக்கெட்டில் இருக்கிறது. திருகாணி இன்றி அழுத்திப் பொருத்தும் முறை என்பதால், எந்த நிறுவனத்துச் சைக்கிளாயினும், தூசியும் மழைநீரும் புகுந்தால் மிதிக்கும்போது கிறீச்சிடும் வாய்ப்பு உண்டு. கழற்றிப் பூட்டத் தனிக் கருவி வேண்டும். ஸ்பெஷலைஸ்டு டார்மாக் எஸ்எல்8, கேனன்டேல் சூப்பர்சிக்ஸ் ஈவோவின் நான்காம் தலைமுறை ஆகிய இரண்டும் திருகு முறையில் இருப்பதால், மெக்கானிக்கை நம்பாமல் வீட்டிலேயே வேலை பார்ப்பவர்கள் அவற்றின் பக்கம் சாய்வதில் நியாயம் உண்டு.

கியரில் ஷிமானோ நிறுவனத்தின் 105 வரிசையில் 12 ஸ்பீடு போதும். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்று வைத்தால் புளியரை வளைவில் மூச்சு முட்டாது. அதன் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மினரல் ஆயில் மட்டுமே ஊற்ற வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் டாட் (DOT) பிரேக் திரவத்தை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் கெட்டுவிடும். பக்கத்துக் கடையில் விடுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

வாங்குமுன் கடையில் வெறுமனே ஏறி உட்கார்ந்து அளவை முடிவு செய்யாதீர்கள். இப்போது ஓட்டும் சைக்கிளில் பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து ஹேண்டில் தண்டுக் குழாயின் உச்சி வரை உள்ள உயரத்தையும் முன்னோக்கிய தூரத்தையும் அளந்து, நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவே வந்தால், குனிந்து வெகுநேரம் ஓட்டிப் பழகியவர் சிறியதையும், முதுகு வலிப்பவர் பெரியதையும் எடுக்கலாம்.