சோயர் சூப்: ரெண்டு காலன் தண்ணீரில் கால் ராத்தல் கறி

இடையன்குடி கால்டுவெல் பிறந்தது அயர்லாந்தில். அங்கே 1845-ல் உருளைக்கிழங்குச் செடி அழுக ஆரம்பித்தது. 1846-ல் விளைச்சல் அநேகமாக முழுசும் போய், கிழங்கையே நம்பியிருந்த ஏழைகள் பட்டினியில் விழுந்தார்கள். 1847 ஏப்ரலில் டப்ளினில் ஒரு பெரிய கஞ்சித்தொட்டி திறந்தார்கள். தாது வருசப் பஞ்சத்தில் (1876-78) நம்ம பக்கம் வந்த கஞ்சித்தொட்டிக்கு முப்பது வருசம் மூத்தது. சமையலுக்குப் பொறுப்பு அலெக்சிஸ் சோயர். லண்டன் ரிஃபார்ம் கிளப்பின் பிரெஞ்சு சமையல்காரர், அந்தக் காலத்தில் பெரிய பேர். அவருடைய சமையல் குறிப்பில் 1-ஆம் நம்பர் போட்ட சூப்பை, கஞ்சி குடித்துப் பழகிய ஊரின் நாக்கை வைத்து எடை போடலாம்.

ரெண்டு காலன் தண்ணீருக்கு, அதாவது 9 லிட்டருக்கு, கால் ராத்தல் மாட்டுக்கறி (113 கிராம்), 2 அவுன்ஸ் கொழுப்பு, 2 வெங்காயம், அரை ராத்தல் மாவு, அரை ராத்தல் பார்லி, 3 அவுன்ஸ் உப்பு, அரை அவுன்ஸ் பழுப்புச் சர்க்கரை. கூடவே கொஞ்சம் டர்னிப், லீக், செலரி. தோலும் தாளுமே போதும் என்பது சோயர் கட்சி. திருநெல்வேலியில் டர்னிப்புக்குப் பதில் முள்ளங்கி, லீக்குக்குப் பதில் வெங்காயத்தாள் சரியாக வரும். பார்லி பலசரக்குக் கடையிலேயே இருக்கும்.

12 லிட்டர் பிடிக்கிற சருவம் வேண்டும். கொழுப்பு உருகியதும் கறியையும் வெங்காயத்தையும் வதக்கி, காய்த்தோலைப் போட்டுக் கிளற வேண்டும். அடுத்த படியில்தான் எல்லாரும் கோட்டை விடுவார்கள். முதலில் ஒரு லிட்டர் பச்சைத்தண்ணீர் ஊற்றி, அதில்தான் மாவையும் பார்லியையும் கரைக்கணும். மிச்சத்தை வெந்நீராக அப்புறம் ஊற்றணும். மாவை நேரே வெந்நீரில் கொட்டினால் கட்டி விழும், எவ்வளவு கிளறினாலும் கரையாது. உப்பும் சர்க்கரையும் சேர்த்து, சிறு தீயில் மூணு மணி நேரம். பார்லி அடியில் போய் உட்காரும். அகப்பையை விட்டுவிட்டு வேறு வேலை பார்த்தால் அடிப்பிடித்து, சருவம் முழுக்கத் தீய்ந்த வாடைதான்.

ருசி? மோசமில்லை. கொழகொழவென்று, பார்லி வாசனையோடு, கொஞ்சம் உப்புத் தூக்கலாக இருக்கும். உப்பை 2 அவுன்ஸாகக் குறைக்கலாம். ஆனால் புளிப்பு கிடையாது, காரம் கிடையாது. ஒரு காண (கொள்ளு)த் துவையலாவது வெஞ்சனமாக இல்லாமல் ரெண்டாவது கும்பா இறங்காது.

குறை ருசியில் இல்லை, தண்ணீரில். கறியை ஒரு அங்குலத் துண்டாக வெட்டினால் ஆறோ ஏழோ துண்டு தேறும். அந்த 9 லிட்டரை எட்டுப் பேருக்கு ஊற்றினால் யாரோ ஒருத்தர் கும்பாவில் கறியே விழாது. மாவு, பார்லி, கொழுப்பு எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஆளுக்குச் சுமார் 300 கலோரி. கிழங்கு நன்றாக விளைந்த காலத்தில் அயர்லாந்துக் கூலியாள் ஒருவர் ஒரு நாளில் 10 ராத்தலுக்கு மேல் கிழங்கு தின்பார், நாம் பழையதுக்கு மோர் ஊற்றுவதுபோல மோரோடு. அதை இழந்த வயிற்றுக்கு இது வாய் நனைக்கிற சமாசாரம். கிழங்கு போனதும், வைட்டமின் சி குறைந்தால் வருகிற ஸ்கர்வி நோயும் வந்தது. மூணு மணி நேரம் கொதித்த காய்த்தோலில் வைட்டமின் சி மிஞ்சாது. மேலப்பாளையம் நோன்புக் கஞ்சியில் பாசிப்பருப்பு விழும். சோயர் சட்டியில் பருப்பு வகையே இல்லை, பட்டாணி அங்கேயும் கிடைக்கும் சரக்காக இருந்தும்.

பரிமாறிய விதத்துக்கு வேகத்தில் முழு மார்க்கு. 300 காலன் கொப்பரை. மணி அடித்தால் நூறு பேர் உள்ளே, ஆறு நிமிசம், மறுபடி மணி, மறு வாசலில் வெளியே. கணக்குப்படி மணிக்கு ஆயிரம் பேர். கரண்டி சங்கிலியில் கட்டியிருக்கும். கொதிக்கிற பார்லிக் கஞ்சியை ஆறு நிமிசத்தில் குடித்து முடி என்பது பசித்தவனுக்கும் கஷ்டம். திறப்பு நாளில் சீமான்கள் 5 ஷில்லிங் கொடுத்து அதை வேடிக்கை பார்த்தார்கள். சோயர் கணக்கில் ரெண்டு காலன் சூப்புக்கு 6 பென்ஸ் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங்). ஒருத்தர் கொடுத்த வேடிக்கைக் காசில் 90 லிட்டர் காய்ச்சலாம்.

போகும்போது வாசலில் ஆளுக்குக் கால் ராத்தல் ரொட்டி கொடுத்தார்கள். அதிலேயே கிட்டத்தட்ட ஒரு கும்பா சூப்பின் கலோரி இருக்கிறது.