நிழல் மூலைக்கு அஸ்டில்பியா, ஹோஸ்டாவா?

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் நாங்கள் வாங்கிய வீட்டின் வடக்குப் பக்கம், வேலியை ஒட்டி ஒரு பன்னிரண்டு அடிக்கு வெயிலே சரியாக விழாத மண். தக்காளி, கத்தரி என்ற பேச்சே அங்கே எடுக்கக்கூடாது. நிழலுக்கு என்ன வைக்கலாம் என்று இங்குள்ள நர்சரிகளில் கேட்டால் முதலில் கைகாட்டுவது ஹோஸ்டாவையும் அஸ்டில்பியையும்தான். இரண்டையும் வைத்துப் பார்த்தாயிற்று. இப்போது நான் அஸ்டில்பி கட்சி.

இரண்டுமே கிழக்காசியப் பக்கத்துச் செடிகள், டொராண்டோ குளிரில் மேலே காய்ந்து போனாலும் வேர் பிழைத்து மே மாதம் தலைகாட்டும், அதில் சண்டை இல்லை.

ஹோஸ்டாவை வைப்பது இலைக்காக. சேம்பு மாதிரி அகன்ற இலை, நட்டுவிட்டு மறந்துவிடலாம், ஒரு நாலு நாள் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது. ஆனால் எங்கள் தெரு முயல்களுக்கு அது சாலட். முயல் விட்டதை ஓடில்லாத நத்தை தின்னும். ஜூலை வந்தால் இலை சல்லடை. பூ வரும், இலைக்கு முன்னால் யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள்.

அஸ்டில்பி அப்படியில்லை. பெரணி போன்ற இலை, ஜூன் கடைசியில் அதன் மேல் சாமரம் தூக்கிப் பிடித்ததுபோல் பூ. நிழலில் இவ்வளவு நிறமா என்று தோன்றும். நான் வைத்தது ஃபனால், அடர் சிவப்பு, இரண்டடி உயரம். ஜெர்மனியின் ரோன்ஸ்டார்ஃபில் கேயோர்க் ஆரெண்ட்ஸ் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கலப்பினம் செய்து உருவாக்கிய வகைகளில் ஒன்று. முயலும் நத்தையும் என் செடிகளை இதுவரை தொடவில்லை.

சரி, அப்புறம் என்ன யோசனை என்றால், தண்ணீர். முடிவு பண்ணுவதே அதுதான். முதல் வருடம் மூன்று அஸ்டில்பிச் செடிகளை மேப்பிள் மரத்தடியில் நட்டேன், நிழல்தானே வேண்டும் என்ற நினைப்பில். தினமும் சாயங்காலம் குழாயால் தெளித்தேன். ஒரு கல்யாணத்துக்கு மாண்ட்ரியல் போய் ஐந்து நாள் கழித்து வந்தால் இலையெல்லாம் எண்ணெயில் வறுத்த கறிவேப்பிலை. விரலை விட்டுப் பார்த்தேன், மேலே அரை அங்குலம் ஈரம், கீழே புழுதி. மேப்பிளின் மேல்வேர்கள் உறிஞ்சியது போக இதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நிழல் மட்டும் இருந்தால் போதாது, ஈரமான நிழலாக இருக்க வேண்டும்.

செப்டம்பரில் தோண்டியெடுத்து, கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாய்க்குப் பக்கத்தில், மக்கிய இலை நிறையக் கலந்து நட்டேன், மேலே இரண்டு அங்குலம் மரப்பட்டைத் தூள். மறு கோடையில் ஒரு இலைகூடக் கருகவில்லை. அதற்காகத் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் வைத்துவிடாதீர்கள், குளிர்காலத்தில் குருத்தே அழுகிவிடும். லேசான சரிவு நல்லது. ஈரம் நடுத்தரமான இடத்துக்குச் சீன அஸ்டில்பி வகையில் புமிலா இருக்கிறது, ஒரு அடிதான் வளரும், மற்றதைவிடக் கொஞ்சம் வறட்சி தாங்கும், பூப்பதும் பிந்தித்தான்.

காய்ந்த பூவை வெட்டினால் மறுபடி பூக்கும் என்று நம்பி நான் வெட்டினேன். பூக்காது. இப்போது அப்படியே விட்டுவிடுகிறேன், பழுப்புச் சாமரத்தில் பனி உட்கார்ந்தால் அழகு. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை தோண்டிப் பிரித்து நட வேண்டும் என்பார்கள். எனக்கு மூன்று கோடைதான் ஆகிறது, அந்த வேலை எவ்வளவு முதுகை உடைக்கும் என்று பிறகு சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் ஹோஸ்டாவைப் பிரித்து இலவசமாகவே தருகிறேன் என்கிறார். மேப்பிள் அடிக்கு மட்டும் இரண்டு வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன், முயல்களும் எதையாவது தின்ன வேண்டுமே.