கிரான் ஓட்டங்கள் மோதினால்: பிஐடி கோப்பா, எஃப்லாக்கா?

மண்டபம் என்ற ஊரில் ஒரு மீன் கம்பெனிக்காக, எடைக்கணக்கை 5 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும் ஸ்கிரிப்ட் எழுதினேன். குறித்த நேரத்தில் அதைத் தானாக ஓட்டுவது லினக்ஸின் கிரான். விசைப்படகுகள் மொத்தமாகக் கரை சேரும் காலையில் ஒரு ஓட்டம் 8 நிமிடம் இழுக்கும். அதற்குள் அடுத்தது கிளம்பி, ஒரே இறால் கூடை இரண்டு முறை பதிவாகிவிடும்.

இதைத் தடுக்க ஒரு வழி பிஐடி கோப்பு: ஓடும் புராசஸின் எண்ணை (பிஐடி) ஸ்கிரிப்ட் ஒரு கோப்பில் எழுதிவைக்கும். எந்த புராசஸ் ஓடுகிறது என்று அதில் உடனே தெரியும். அது வசதிதான். ஆனால் கரண்ட் போய் மெஷின் அணைந்தால் டிஸ்கில் உள்ள கோப்பு மட்டும் அப்படியே கிடக்கும். கோப்பு இருந்தாலே விலகும்படி எழுதிய ஸ்கிரிப்ட் அதன்பின் ஓடவே ஓடாது. அப்புறம், கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் இன்னொரு ஓட்டம் நுழையலாம்.

இன்னொரு வழி எஃப்லாக்: ஒரு கோப்பின் மேல் பூட்டு போட்டுவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டும் கட்டளை. அந்தப் பூட்டைக் கவனித்துக்கொள்வது கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. ஸ்கிரிப்ட் செத்தால் பூட்டு தானாக விடுபடும். நான் இதைத்தான் வைத்திருக்கிறேன். கட்டளையில் '-என்' (-n, பூட்டுக்காகக் காத்திருக்காதே என்று சொல்வது) சேர்க்க மறக்காதீர்கள். இல்லையென்றால் ஓட்டங்கள் விலகாமல் வரிசைகட்டிக் காத்து நிற்கும்.