அம்மாவின் ஆதாருக்குப் பூட்டுப் போட்டு எட்டு மாதம்: என் அனுபவம்

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் எடுக்கும் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் நாலரை மணிக்கு எதிர்ச் சாயாக்கடையிலிருந்து ரசவடை வரும். போன வருஷம் ஒருநாள் வடை மடித்து வந்த தாளில், எண்ணெய்க்கறைக்கு நடுவே ஒரு முகம் தெரிந்தது. விரித்துப் பார்த்தால் ஆதார் ஜெராக்ஸ். இரணியல் பக்கத்துப் பெண் ஒருத்தி. 12 இலக்கமும் பளிச்சென்று இருக்கிறது. கீழே நீலப் பேனாவில் கையெழுத்து, பக்கத்தில் போன் நம்பர், மூலையில் யாரோ வட்டம் போட்டு எழுதிய "லோன்".

அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். "உங்க ஆதார் ஜெராக்ஸ் இங்க வடை மடிக்க வந்திருக்கு" என்று முடிப்பதற்குள், "யாருட்ட கதை விடுக?" என்று வைத்துவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. தெரியாத நம்பரிலிருந்து ஆதார் என்று ஆரம்பித்தால் நானும் வைக்கத்தான் செய்வேன். தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஷீட் உலர்த்தும் புகைப்புரை அடுப்பில் போட்டேன்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்க அம்மாவின் ஜெராக்ஸ் எங்கெல்லாம் கிடக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். கேஸ் ஏஜென்சி, இரண்டு பேங்க், சிம் கடை, மகளிர் குழு லோனுக்கு வந்த மூன்று பைனான்ஸ், அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்த மண்டபம், கன்னியாகுமரியில் சொந்தக்காரர்களோடு தங்கிய லாட்ஜ். லாட்ஜில் ஜெராக்ஸ்கூட வாங்கவில்லை, வரவேற்பில் இருந்த பையன் தன் சொந்தப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டான். இப்படியே பதினொன்று வரை எண்ணி நிறுத்திவிட்டேன்.

இந்தப் பின்னணியில்தான் ஆதார் ஆணையத்தின் 'பயோமெட்ரிக் லாக்' சேவையை அம்மாவுக்குப் போட்டேன். எட்டு மாதம் ஆகிறது. நல்லதையும் பொல்லாததையும் சேர்த்தே எழுதுகிறேன். நம்ம மாவட்டத்தில் வயசான அம்மா அப்பா வீட்டில் இருக்க, பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கும் குடும்பம் எத்தனையோ. அவர்கள் கண்ணில் இது படவேண்டும்.

முதலில் இது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். ஊரில் சின்னக் கடையிலும், வீட்டு வாசலிலும்கூட விரல் வைத்துப் பேங்கிலிருந்து பணம் எடுத்துத் தருகிறார்கள் இல்லையா? அதற்கு வேண்டியது மூன்றே விஷயம்: ஆதார் நம்பர், எந்த பேங்க் என்பது, விரல் ரேகை. ஓடிபி வராது, பின் நம்பர் கேட்காது. ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். பஸ் ஏறி பேங்குக்குப் போக முடியாத முதியோருக்கு இது பெரிய உதவி, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நம்பர் வடைத் தாளில் போகிறது. ரேகையோ பத்திரப் பதிவு ஆவணங்களில் கிடக்கிறது. நிலம் விற்றவர், வாங்கியவர் இருவர் ரேகையும் பத்திரத்தில் உண்டு. அப்படிப்பட்ட பத்திர நகலிலிருந்து ரேகையை எடுத்து ரப்பர் விரல் மாதிரி செய்து பணத்தை உருவிய வழக்குகள் தெலங்கானாவிலும் கர்நாடகாவிலும் பிடிபட்டிருக்கின்றன. பாஸ்வேர்டு வெளியே போனால் மாற்றலாம். விரலை என்ன செய்வது?

லாக் போட்டுவிட்டால் அந்த ஆதாரில் விரல், கண், முகம் மூன்றும் எங்கேயும் செல்லாது. போலி விரல் மட்டுமில்லை, அம்மாவே விரல் வைத்தாலும் மெஷின் தள்ளிவிடும். வேண்டும்போது 10 நிமிஷத்துக்குத் திறக்கலாம், அது தானாகவே திரும்பப் பூட்டிக்கொள்ளும். மைஆதார் இணையதளத்திலும் செய்யலாம், ஆணையத்தின் ஆப்பிலும் செய்யலாம். காசு கிடையாது.

எளிதாகத் தோன்றுகிறது இல்லையா? எனக்கு இதைப் போட்டு முடிக்க மூன்று வாரம் ஆனது.

காரணம் ஓடிபி. அம்மாவின் ஆதாரில் பதிந்திருந்தது அண்ணனின் பழைய நம்பர். அவன் மஸ்கட் போனதும் ரீசார்ஜ் இல்லாமல் அது செத்துப்போய், கம்பெனி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. கூப்பிட்டால் இந்தி பேசும் ஒருவர் எடுக்கிறார். இத்தனை நாளும் அம்மாவுக்கு வரவேண்டிய ஓடிபியெல்லாம் அந்த மனுஷருக்குத்தான் போயிருக்கும். அப்போது நம்பரை மாற்ற ஆன்லைனில் வழியில்லை, ஆதார் மையத்துக்கு ஆள் நேரில் போகவேண்டியிருந்தது.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு தபால் ஆபீஸ் ஆதார் மையத்துக்குப் போனேன். அம்மா 31 வருஷம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையில், வேலை பார்த்தவள். சாம்பல் பூசிக்கொண்டு உடைத்தாலும் அண்டித்தோட்டு எண்ணெய் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் தின்றுவிடும். ஓய்வுபெற்று இத்தனை வருஷம் கழித்தும் அந்த இரண்டு விரல் நுனியும் கண்ணாடி மாதிரி வழவழவென்றிருக்கும். மெஷினில் வைத்தாள், எடுக்கவில்லை. சோப்பு போட்டுக் கழுவி வரச் சொன்னார்கள், எடுக்கவில்லை. ஈரத்துணியில் துடைத்து, அழுத்தி வைத்து, விரல் மாற்றி வைத்து, ஆறாவது தடவையும் சிவப்பு விளக்குதான். "எனக்க வெரல்ல ஒண்ணும் இல்ல மக்களே, எல்லாம் அண்டியோட போச்சு" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் அங்கிருந்த பெண் கண் ரேகை கருவியை எடுத்துவந்து பொறுமையாகப் பிடித்து வேலையை முடித்தாள். அப்போது கட்டணம் 50 ரூபாய், 2025 அக்டோபரிலிருந்து 75.

நம்பர் மாறி வந்ததும் மைஆதாரில் நுழைந்தேன். லாக் போடுவதற்கு முன்னால், விரல் எங்கெல்லாம் வைக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தேன். இந்தச் சேவையில் யாரும் பேசாத, ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். கடைசி 6 மாதத்தில் அதிகபட்சம் 50 பதிவு வரை காட்டும். தேதி, நேரம், விரலா ஓடிபியா, எந்த நிறுவனம் கேட்டது, வெற்றியா தோல்வியா எல்லாம் வரும். ரேஷன் கடைத் தேதிகளில் நாலைந்து தோல்விகள் வரிசையாக இருந்தன, அது தெரிந்த கதை. நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கேள்விப்படாத பைனான்ஸ் கம்பெனி ஒன்றின் பெயரில் ஒரு விரல் பதிவு. தோல்விதான், ஆனால் முயன்றிருக்கிறார்கள்.

அம்மாவிடம் கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னாள்: "குழு மீட்டிங்குக்கு ஒரு பையன் வந்தானே. எல்லாரும் வையுங்கம்மான்னு மெஷின நீட்டினான். எல்லாரும் வச்சாவ, நானும் வச்சேன்." லோன் கேட்டாயா? கேட்கவில்லை. எதற்கு என்று அவன் சொன்னானா? சொல்லவில்லை. முற்றத்தில் உட்கார்ந்திருந்த பதினாலு பெண்களும் வரிசையாக விரல் வைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கே பூட்டினேன்.

அடுத்த மாதம் ரேஷன் கடையில் மாட்டிக்கொண்டோம், அது என் தப்பு. பூட்டிய விஷயத்தை அம்மாவிடம் விளக்கமாகச் சொல்லவில்லை. விரல் வைத்ததும் மெஷின் தள்ளியிருக்கிறது. விரல் தேய்ந்ததால்தான் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். திரையில் 330 என்று ஒரு எண் வந்ததாக விற்பனையாளர் போனில் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. பூட்டிய ஆதாருக்கு வரும் பிழை எண் அது. இங்கே எங்கள் ரப்பர் கடையில் ஷீட் எடை போடும் நேரம். ஒரு கையில் கணக்குப் புத்தகம், மறு கையில் போன். கேப்ட்சா எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது, இரண்டு தடவை தப்பாக அடித்தேன். ஓடிபி வர மூன்று நிமிஷம். திறந்து சொல்வதற்குள் அம்மாவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்கள். திரும்ப அவள் முறை வரும்போது 10 நிமிஷம் முடிந்து பூட்டிக்கொண்டது. விற்பனையாளர் நல்ல மனுஷர், கார்டை ஸ்கேன் செய்து நோட்டில் கைநாட்டு வாங்கிக்கொண்டு அரிசியை அளந்து கொடுத்தார்.

இந்த 10 நிமிஷம்தான் என் பெரிய குறை. பூட்டை வடிவமைத்தவர்கள் ரேஷன் கடை வரிசையில் நின்று பார்த்திருந்தால் அரை மணி நேரமாவது கொடுத்திருப்பார்கள். இப்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது அம்மா மிஸ்டுகால் கொடுப்பாள், நான் திறப்பேன். பென்ஷன்காரர் உயிரோடு இருப்பதைச் சரிபார்க்கும் மஸ்டரிங், உயிர்வாழ் சான்று என்று விரல் வைக்கவேண்டிய இடமெல்லாம் இதே பாடுதான். பக்கத்தில் போன் தெரிந்த ஆள் இல்லாத முதியவருக்கு இதைப் போட்டுவிட்டு நீங்கள் ஊருக்குப் போய்விடாதீர்கள், அவர்கள் தவித்துப்போவார்கள்.

ஆதார் நம்பரையே பூட்டும் இன்னொரு வசதியும் இருக்கிறது. அதற்கு ஆதார் நம்பருக்குப் பதிலாகக் கொடுக்கும் 16 இலக்க விர்ச்சுவல் ஐடி எடுக்கவேண்டும், அது மறந்துபோனால் பதிந்த போனிலிருந்து ஆணையத்தின் 1947 எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பித் திரும்பப் பெறவேண்டும். எனக்குப் போட்டிருக்கிறேன், அம்மாவுக்கு அது அதிகம்.

கூடவே எடுத்துக்கொண்ட இன்னொன்று மாஸ்க்டு ஆதார். முதல் 8 இலக்கம் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். மைஆதாரிலேயே இறக்கலாம். கேஸ் மானியம், பென்ஷன் மாதிரி அரசு உதவிக்கு முழு நம்பர் கொடுக்கத்தான் வேண்டும், மற்ற இடத்துக்கு இது போதும். தாளில் இருக்கும் கியூஆர் கோடிலும் கடைசி 4 இலக்கம்தான் இருக்கிறது, ஆனால் பெயரும் போட்டோவும் ஆணையத்தின் டிஜிட்டல் கையெழுத்தோடு வருவதால் அசலா போலியா என்று ஸ்கேன் செய்தே பார்த்துக்கொள்ளலாம். சொன்னால் எங்கே கேட்கிறார்கள்? நான் இதுவரை ஏழு இடத்தில் நீட்டினேன், நாலு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். ஒரு பைனான்ஸில், "இது என்ன அழிஞ்ச ஆதாரு, நல்லது கொண்டாங்க" என்றார்கள். கொண்டுபோகவில்லை, லோனும் எடுக்கவில்லை.

ஆணையமும் இதில் உறுதியாக நிற்கவில்லை என்பது என் வருத்தம். 2022 மே மாதம் அதன் பெங்களூரு அலுவலகம், கண்டவர்களிடம் ஆதார் நகல் கொடுக்காதீர்கள், மாஸ்க்டு ஆதார் கொடுங்கள் என்று ஓர் அறிவிப்பு விட்டது. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ள இடமுண்டு என்று அதைத் திரும்பப் பெற்றார்கள். வாங்க மறுக்கும் இடத்தில் நீட்டிக்காட்ட நமக்கு ஒரு தாள் கிடைத்தது, அதுவும் போச்சு.

அண்ணன் போனில் சிரிக்கிறான். "எல்லாம் எப்பவோ வெளிய போயாச்சு, இனி பூட்டி என்னத்துக்கு?" என்கிறான். எனக்கு அதில் சம்மதமில்லை. நம்பர் போனது போனதுதான், பதினோரு ஜெராக்ஸையும் நான் திரும்ப வாங்க முடியாது. ஆனால் அந்த நம்பரை வைத்துக்கொண்டு அம்மாவின் விரலால் யாரும் இனி ஒன்றும் செய்ய முடியாது. திருடன் கையில் வீட்டு விலாசம் இருக்கிறது, அதற்காகக் கதவைச் சாத்தாமல் படுப்போமா? 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னார்களே, அந்தப் புட்டசாமி வழக்கே ஆதாரை எதிர்த்துத் தொடங்கியதுதான். தொடுத்தவர் ஓய்வுபெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது, மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. அண்டி உடைத்த பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு. அம்மாவுக்கு அதைக் கொண்டுவந்து சேர்ப்பது இன்றைக்கு என் வேலையாக இருக்கிறது, அதில் எனக்கு அலுப்பில்லை.

இதோடு சேர்த்துச் செய்யவேண்டிய ஒன்று: தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள். அம்மா பெயரில் எங்களுக்குத் தெரியாத ஒரு நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. 'என் நம்பர் இல்லை' என்று குறித்துப் புகார் கொடுத்தேன், சில வாரத்தில் பட்டியலிலிருந்து போய்விட்டது. எந்தக் கடையில் கொடுத்த ஜெராக்ஸ் அந்த சிம்மாக மாறியது என்று கடைசிவரை தெரியவில்லை. பணம் போயிருந்தால் யோசிக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட வேண்டும், நேரம் கடந்தால் பிடிக்க முடியாது.

மார்க் கேட்டால், பூட்டுக்கு 5-க்கு 4. வரலாற்றுப் பக்கத்துக்கு 5-க்கு 5. மாஸ்க்டு ஆதாருக்கு, வாங்க மறுப்பவர்கள் மாறும்வரை 3. தமிழ்ப் பக்கத்துக்கு 2-தான் கொடுப்பேன். மொழியை மாற்றினால் பாதி வரி அரசாணைத் தமிழில் வருகிறது, ஐந்தாம் வகுப்பு படித்த அம்மாவுக்கு ஒரு வரியும் ஏறவில்லை.

அந்தப் பதினாலு பெண்களில் ஒன்பது பேருக்கு இதுவரை பூட்டிக் கொடுத்திருக்கிறேன். மீதி ஐந்து பேருக்கு ஆதாரில் போன் நம்பரே இல்லை. அடுத்த வியாழக்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன், காலையிலேயே அவர்களைக் கூட்டிக்கொண்டு தபால் ஆபீஸ் போய் டோக்கன் எடுக்கவேண்டும். விரல் எடுக்காது என்று தெரியும், கண் ரேகைக் கருவியை எடுத்து வைக்கச் சொல்லி அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.